பிரான்சிஸ் ஆஸ்பரி சென்ற வழி

சுவிசேஷ ஊழியஞ் செய்து ஊரூராய்த் திரிந்த பெரியோரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அவர்கள் கடந்த தூரத்தையும் நிகழ்த்திய பிரசங்கங்களின் தொகையையும் கணக்கிட்டுக் காட்டி, அவ்வளவில் மனநிறைவடைவது வழக்கமாயிருக்கின்றது. அமெரிக்க மெதடிஸ்து திருச்சபையின் முதல் அத்தியட்சர் இருவருள் ஒருவராகிய பிரான்சிஸ் ஆஸ்பரியின் சரித்திரமும் இவ்வாறே எழுதப்பட்டு வந்திருக்கின்றது. 1771 முதல் 1816 வரை அவர் குதிரைமீதும் வண்டியிலுமாக ஏறக்குறைய 2,70,000 மைல் பிரயாணஞ் செய்தார் என்றும், 16,000 பிரசங்கங்களுக்குமேற் செய்தார் என்றும், அப்பலேச்சிய மலைத்தொடரை 60 முறைக்குமேற் கடந்தார் என்றும் மதிப்பிடுவர். இவை வியக்கத்தக்கனவே. ஆயினும் மைலே பெருமைக்கு அளவாயின், தபால் சுமந்த குதிரைகளுக்கும் நாம் சரித்திரம் எழுதவேண்டியதாகும். அவர் எத்துணைத் தூரஞ் சென்றார் என்பதினும், எவ்விடத்தும் தடையின்றிச் செல்லும்பொருட்டு எவற்றை விட்டார் என்பதே கேட்கத்தக்க வினாவென்பது எமது கருத்து. தமக்குரியவை யாவற்றையும் விட்டார். அதனை எவரும் மறுப்பாரில்லை. பிறர்க்குரிய ஒன்றனையும் விட்டார். அதனைப் பற்றிப் பேசுவார் சிலரே.

ஆஸ்பரி 1745ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை அடுத்த ஹேண்ட்ஸ்வர்த் என்னும் பகுதியிற் பிறந்தார். தந்தையார் தோட்டவேலை செய்து பிழைத்தவர். தாயார், பெண்மகவொன்றைப் பறிகொடுத்த துயரால் பக்திமார்க்கத்திற் பெரிதும் ஈடுபட்டிருந்தார். மைந்தருக்குப் பள்ளிப்படிப்பு நீடிக்கவில்லை. ஆசிரியர் அடித்த அடிக்கு அஞ்சிப் பள்ளியை வெறுத்ததாகத் தம் நாட்குறிப்பில் அவரே எழுதியிருக்கின்றார். கைத்தொழில் பயிலச் சென்ற காலத்தில் மெதடிஸ்து கூட்டங்களோடு தொடர்பு நெருங்கிற்று. 21 வயதளவில் ஊர்சுற்றும் பிரசங்கியானார். 1771ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் பிரிஸ்டல் நகரிற் கூடிய மகாநாட்டில், அமெரிக்கா செல்ல யார் முன்வருவார் என ஜான் வெஸ்லி வினவியபோது, முன்வந்தவருள் இவரும் ஒருவர். அக்டோபர் 27ஆம் நாள் பிலதெல்பியாவிற் கரையேறினார். அதன்பின் தாய்நாட்டை அவர் கண்டாரில்லை. தந்தையார் 1798ஆம் ஆண்டிலும் தாயார் 1802ஆம் ஆண்டிலும் இறந்தனர். அவர்கள் இருந்த வீட்டிற்கு மகன் மிச்சம்பிடித்து அனுப்பிய பணம் சென்றதேயன்றி மகன் சென்றாரில்லை. இது குறித்து நம் நாட்டுத் தாய்மார் என்ன சொல்லியிருப்பர் என்பதை யாம் எழுதவேண்டுவதில்லை.

கரையேறிய சில வாரங்களுக்குள்ளேயே அவருக்கும் உடனூழியர்க்கும் கருத்து மாறுபட்டது. குளிர்காலத்திற் பிலதெல்பியா, நியூயார்க் ஆகிய பட்டணங்களில் தங்கி, ஆங்குள்ள சபையாரை ஆதரித்துக்கொண்டிருத்தலே தகுதியென்பது மற்றவர் எண்ணம். பிரசங்கிகள் ஓரிடத்தில் நிலைத்தலாகாது, ஓயாது மாறிமாறிச் செல்லுதல் வேண்டும் என்பது ஆஸ்பரியின் எண்ணம். பிறர் இசையும்வரை காத்திராமல் அவர் தாமே கிராமங்களை நோக்கிப் புறப்பட்டுவிட்டார். வாதஞ் செய்து வெல்வதைவிடக் குதிரையேறி வெல்வது அவர் இயல்பு.

அம்முறை எவ்வாறு நடைபெற்றதென்பதைச் சிறிது விரித்துரைத்தல் நன்று. பல ஊர்களை ஒன்றுசேர்த்து ஒரு 'சுற்று' என வகுப்பர். ஒரு பிரசங்கியோ இருவரோ அச்சுற்று முழுவதையும் சில வாரங்களில் முடித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். கோயிற் கட்டடம் இருந்தாலன்றிப் பிரசங்கமில்லை என்பது கிடையாது. குடிசை, களஞ்சியம், சத்திரம், மரநிழல் எல்லாம் கோயிலே. பிரசங்கி அகன்றபின் சபை சிதறாதபடி, உள்ளூரார் சிறுசிறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, வகுப்புத் தலைவர் ஒருவர் வாரந்தோறும் அவர்களைக் கூட்டி விசாரிப்பார். சேணப்பையில் வேதாகமம், பாட்டுப் புத்தகம், சபையின் சட்டப் புத்தகம் ஆகியவற்றோடு, விற்பனைக்குச் சில நூல்களும் இருக்கும். ஓராண்டு முடிந்ததும், சில வேளைகளில் ஆறு மாதத்திலேயே, பிரசங்கி வேறு சுற்றுக்கு மாற்றப்படுவார். குடியேறிகள் காட்டை வெட்டி மேற்றிசை நோக்கிச் செல்லச்செல்ல, அவர்களுடைய அடுப்புப்புகை எழும்புமுன் மெதடிஸ்து பிரசங்கியின் குதிரை அங்கு வந்து நிற்கும் என்னும்படி இருந்தது. கடும்பனியும் புயலும் வீசும் நாளில் காகங்களையும் மெதடிஸ்து பிரசங்கிகளையுமன்றி வெளியில் யாரையுங் காணல் அரிது என்பது அந்நாட்டில் வழங்கிய வேடிக்கைப் பேச்சு. வேடிக்கையின் மறுபுறம் கொடிது. அவ்வூழியத்திற் புகுந்த இளைஞருட் பலர் 30 வயது நிரம்புமுன்னரே மாண்டனர்.

இத்தகைய கடுவாழ்வைப் பிறர்மேற் சுமத்தியவர், தமக்கென ஒரு சலுகையும் வைத்துக்கொள்ளவில்லை. அத்தியட்சரான பின்னும் மற்றப் பிரசங்கிகளுக்குரிய ஊதியமே அவருக்கும். ஆண்டுக்கு 64 டாலர், 1800ஆம் ஆண்டுமுதல் 80 டாலர். சொந்த வீடில்லை. மணஞ் செய்துகொள்ளவில்லை. ஆண்டில் ஒரு வாரமேனும் உடனிருக்க இயலாதவன் ஒரு பெண்ணை மனைவியாக்குதல் நீதியன்று என அவர் கருதினார். முடக்குவாதமும் சுவாசநோயும் வருத்த, சேணத்தின்மீது நேராக அமரவியலாத நாட்களிலும் பிரயாணத்தை நிறுத்தவில்லை. பள்ளியை அஞ்சி நீங்கிய அவர் எபிரேயமும் கிரேக்கமும் முயன்று கற்றார். நாளொன்றுக்கு 100 பக்கம் படித்தல் வேண்டும் என்பதைக் குறிக்கோளாகக் கொண்டிருந்தார். நூல்நிலையத்தில் மின்விளக்கின்கீழ் அமர்ந்தும் 10 பக்கத்திற்குள் கண்ணயரும் நம் மாணவர் இதனைக் கவனிப்பாராக.

விடுதலைப் போர் மூண்டபோது அவருடைய உறுதி சோதிக்கப்பட்டது. ஜான் வெஸ்லி 1775ஆம் ஆண்டிற் குடியேற்ற நாட்டாரைக் கண்டித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதனால் மெதடிஸ்து பிரசங்கிகள் யாவரும் ஆங்கில அரசனின் ஒற்றர் என்னும் ஐயத்திற்கு உள்ளாயினர். இங்கிலாந்திலிருந்து வெஸ்லி அனுப்பிய மற்றையோர் ஒருவர்பின் ஒருவராய்ப் பணியை விட்டகன்றனர். ஆஸ்பரி அகன்றிலர். மேரிலாந்து அரசு கேட்ட உறுதிமொழியை மனச்சாட்சி இடங்கொடாமையால் மறுத்து, 1778ஆம் ஆண்டில் டெலவேர் மாகாணத்தில் தாமஸ் ஒயிட் என்னும் நீதிபதியின் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தார்.

போர் முடிந்தபின் வெஸ்லி, தாமஸ் கோக் என்பவருக்குக் குருப்பட்டம் அளிக்கும் அதிகாரங் கொடுத்து அனுப்பினார். கோக்கும் ஆஸ்பரியும் கூட்டாகக் கண்காணிக்க வேண்டுமென்பது வெஸ்லியின் கட்டளை. கட்டளை மட்டும் போதாது, உடன் பிரசங்கிகள் என்னைத் தெரிந்தெடுத்தல் வேண்டும் என ஆஸ்பரி நின்றார். 1784ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்திற் பால்டிமோர் நகரிற் கூடிய மகாநாடு அவ்வாறே அவரைத் தெரிந்தெடுத்தது. அடுத்தடுத்து மூன்று நாட்களில் டீக்கன், குரு, கண்காணிப்பாளர் என்னும் மூன்று நிலைகளும் அவருக்கு அளிக்கப்பட்டன. பின்னர் அவர் அத்தியட்சர் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது கண்டு வெஸ்லி 1788ஆம் ஆண்டில் வெகுண்டு கடிதம் எழுதியதும் உண்டு. இந்தத் தாமஸ் கோக் நம்மவர்க்கு முற்றிலும் அந்நியரல்லர். இலங்கைக்கு மெதடிஸ்து ஊழியரை அழைத்துக்கொண்டு புறப்பட்டு, 1814ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்துமகா சமுத்திரத்திற் கப்பலிலேயே உயிர்நீத்தவர் அவரே. உடன்வந்தோர் காலியிற் கரையேறி, சிலர் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் சென்றனர். அவருள் ஜேம்ஸ் லிஞ்சு என்பவர் 1817ஆம் ஆண்டிற் சென்னைக்கு வந்தார். ஆஸ்பரியின் தலைமேல் வைக்கப்பட்ட கைகளே தமிழ்நாடுகளை நோக்கியும் நீட்டப்பட்டன.

ஒரு கல்லூரியின் மலரில் எழுதுவதால், அவர் நிறுவிய கல்லூரியையும் குறிப்பிடாது விடல் தகாது. கோக், ஆஸ்பரி இருவர் பெயரையுஞ் சேர்த்துக் கோக்ஸ்பரி எனப் பெயரிடப்பெற்ற அது, 1787ஆம் ஆண்டில் மேரிலாந்திலுள்ள அபிங்டனில் திறக்கப்பட்டது. உலகத்தார் விளையாட்டு என்று சொல்லும் எதற்கும் மாணவர்க்கு அங்கு அனுமதியில்லை; தோட்ட வேலை, தச்சு வேலை போன்றனவே பொழுதுபோக்கு. நம் பந்தாட்டக் குழுவினர் அங்கு ஒரு வாரந் தங்கியிருப்பாரோ என்பது ஐயம். 1795ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கட்டடம் தீக்கிரையாயிற்று. வீடுவீடாய்ப் பணந்தண்டி அதனைத் தாங்கிய ஆஸ்பரி, பெருந்தொகை கொடுத்தாலும் அந்தப் பாட்டை மறுமுறை படமாட்டேன் என எழுதிவிட்டு வழிச்சென்றார்.

இனி, யாம் முதலிற் குறித்த செய்திக்கு வருவோம்.

அடிமை வாணிகத்தை ஜான் வெஸ்லி 1774ஆம் ஆண்டிலேயே நூலெழுதிக் கண்டித்தவர். அமெரிக்கப் பிரசங்கிகளும் 1780ஆம் ஆண்டிற் பால்டிமோரில் கூடி, அடிமைமுறை தெய்வ நீதிக்கும் மனித நீதிக்கும் இயற்கை நீதிக்கும் விரோதமெனத் தீர்மானித்தனர். பிரசங்கியருள் ஒருவராகிய பிரீபார்ன் காரட்சன் அதற்கு முன்னரே 1775ஆம் ஆண்டில் தம் அடிமைகளை விடுவித்திருந்தார். 1784ஆம் ஆண்டு மகாநாடு, சபையார் ஒவ்வொருவரும் 12 மாதத்திற்குள் அடிமைகளை விடுவிப்பதற்கான பத்திரம் எழுதவேண்டுமென விதித்தது. 1785ஆம் ஆண்டு மே மாதத்தில் கோக்கும் ஆஸ்பரியும் ஜார்ஜ் வாஷிங்டனை அவர் இல்லத்திற் கண்டு, அடிமை விடுதலை வேண்டும் விண்ணப்பத்திற் கையொப்பங் கேட்டனர். அவர் அனுதாபங் காட்டினார், கையொப்பம் இட்டிலர். அடுத்த மாதமே, விதி பிறந்து ஆறு மாதம் நிரம்புமுன், மெதடிஸ்து மகாநாடு அதனை நிறுத்திவைத்தது. தென்னாட்டு எசமானர் கொதித்தெழுந்தனர் என்பதே காரணம்.

அக்காலத்தில் நிகழ்ந்த ஓர் உரையாடல் எமக்கு எந்த மகாநாட்டுத் தீர்மானத்தினும் முக்கியமாகத் தோன்றுகிறது. ரிச்சர்டு ஆலன் என்பவர் 1760ஆம் ஆண்டில் அடிமையாய்ப் பிறந்தவர். அவர் எசமானர் காரட்சனின் பிரசங்கத்தைக் கேட்டு மனம் மாறி, பணங்கொடுத்து விடுதலை பெற அவருக்கு இடமளித்தார். விறகு வெட்டியும் செங்கல் அறுத்தும் உப்பு வண்டி ஓட்டியும் அப்பணத்தைச் சேர்த்தார் ஆலன், பின் பிரசங்கியானார். அவரைத் தம்முடன் தென்னாட்டுக்குப் பிரயாணம் வருமாறு ஆஸ்பரி அழைத்தார். ஆலன் தம் சுயசரிதத்தில் அதனைக் கூறியிருக்கின்றார். அழைப்போடு நிபந்தனைகள் இருந்தன. கரோலினா முதலிய நாடுகளில் அவர் அடிமைகளோடு கலந்து பழகலாகாது. பல இரவுகள் வண்டியிலேயே படுத்துறங்க நேரிடும். உணவும் உடையுங் கிடைக்கும். நோயுற்றால் என் கதி என்ன என ஆலன் வினவினார். எனக்குக் கிடைப்பதும் இவ்வளவே என்றார் ஆஸ்பரி. ஆலன் விடவில்லை. நீர் எங்கு நோயுற்று வீழ்ந்தாலும் உம்மைத் தாங்குவோர் உளர். எனக்கு அவ்வாறு நிகழுமோ என்பது ஐயம் என்ற கருத்துப்பட மறுமொழி கூறி, உடன்செல்ல மறுத்துவிட்டார்.

ஆஸ்பரி வஞ்சகமாய் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குக் கிடைத்ததும் உணவும் உடையுமே. ஆயினும் இருவர் வறுமையும் ஒன்றன்று. அவருடைய வறுமை தாமே தழுவிக்கொண்ட நோன்பு. எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு கட்டில் இருந்தது. ஆலனுக்கோ அதே வீட்டின் வாயிலில் நிற்கும் வண்டியே படுக்கை. துறவியின் வறுமையையும் ஒடுக்கப்பட்டவனின் வறுமையையும் ஒரே தராசில் வைத்தது ஆஸ்பரியின் பிழை. தம் இனத்தாரைத் தீண்டாமல் அவர்கள் நடுவே பிரயாணஞ் செய்க என ஒருவரிடங் கேட்பது எத்தகைய கேள்வி என்பதை அவர் உணர்ந்தாரில்லை.

ஹாரி ஹோசியர் என்னும் மற்றொரு கறுப்பினப் பிரசங்கி அவருடன் சென்றவர். எழுத்தறியாதவராயினும், வசனங்களைக் கேட்ட அளவில் மனத்திற்கொண்டு முழங்கும் ஆற்றல் வாய்ந்தவர். ஆஸ்பரியைக் கேட்க வந்தோர் பலர் ஹோசியரையே விரும்பிக் கேட்டனர் என்பர். அந்நாளில் பெயர்பெற்ற மருத்துவராகிய பெஞ்சமின் ரஷ், அவருடைய சொல்வன்மையைப் பெரிதும் புகழ்ந்தார். இத்துணைப் புகழ் பெற்ற ஹோசியர்க்கு முறையான குருப்பட்டம் அளிக்கப்படவேயில்லை.

பின்னும் நிகழ்ந்தவை வருந்தத்தக்கன. 1800ஆம் ஆண்டில் மெதடிஸ்து பொது மகாநாடு அடிமை விடுதலைக்காக ஓர் அறிக்கை வெளியிட்டது. அதனாற் சினந்த சார்ல்ஸ்டன் நகரத்துக் கும்பல், ஒரு பிரசங்கியை இழுத்துச்சென்று நீரடிகுழாயின்கீழ்ப் பிடித்து உயிர்போகுமளவு வருத்திற்று. அதன்பின் சபையின் குரல் தாழ்ந்துகொண்டே சென்றது. 1808ஆம் ஆண்டு பொது மகாநாடு, தென் கரோலினாவுக்கென அடிமைமுறை பற்றிய பகுதியை நீக்கிச் சட்டப் புத்தகத்தின் 1,000 பிரதிகளை அச்சிடத் தீர்மானித்தது. ஒரே சபைக்கு இருவகைச் சட்டப் புத்தகம்! சேணப்பையில் எதனை வைப்பதென்பது எத்திசைக்குக் குதிரை திரும்புகிறது என்பதைப் பொறுத்ததாயிற்று. மறு ஆண்டு ஆஸ்பரி தம் நாட்குறிப்பில், விடுதலைக்காக முயல்வதினும் அடிமைகளின் நிலையைச் சீர்ப்படுத்தி அவர்கள் ஆத்துமாவுக்கு உழைத்தலே அதிகப் பயன் தருமோ என்று எழுதலானார்.

அவர் பக்கத்து நியாயத்தை யாம் மறைக்கவில்லை. எசமானர் வாயிலை அடைத்துவிட்டால் அடிமைகளின் குடிசைக்குப் பிரசங்கி செல்லவே இயலாது. 1773ஆம் ஆண்டில் 1,160 பேராயிருந்த சபை அவர் இறந்த ஆண்டில் 2 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. அதில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினர் கறுப்பினத்தார். வாயில் அடைபட்டிருந்தால் அவருட் பலர் சுவிசேஷத்தைக் கேட்டிருக்கமாட்டார் என்பர். இது வலிய நியாயமே. ஆனால் அந்நியாயத்திற்கு எல்லை எது? வாயில் திறந்திருக்கும்பொருட்டு முதலில் ஒரு விதி நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் ஓர் அதிகாரமே கிழிக்கப்பட்டது. இறுதியில் அக்கொள்கையிலேயே ஐயம் பிறந்தது. எல்லா வீட்டிலும் இடம்பெற வேண்டுமென விரும்பும் தூதன், வீட்டுக்காரன் கேட்க விரும்பாத செய்தியை ஒவ்வொன்றாய் மறக்கின்றான். மேலும், அவ்வாறு காத்த ஒற்றுமையும் நிலைத்திலது. 1844ஆம் ஆண்டில் அச்சபை இக்காரணத்தாலேயே வடக்கு, தெற்கு என இரண்டாய்ப் பிளந்தது. 1939ஆம் ஆண்டில் மீண்டும் இணைந்தபோதும் கறுப்பினச் சபைகளைத் தனி நிருவாகமாக ஒதுக்கியே இணைந்தது. அவ்வொதுக்கம் 1968ஆம் ஆண்டிலேயே நீங்கிற்று.

இது கடல்கடந்த நாட்டுக் குற்றம் எனக் கருதி நாம் அமைதியுற வேண்டுவதில்லை. தமிழ்நாட்டுத் திருச்சபைகளிலும் சாதி பார்த்துத் தனியிருக்கை வகுத்ததற்கு இதே நியாயம் சொல்லப்பட்டது. கண்டித்தால் மேற்சாதியார் வாரார் என்றனர். 1833ஆம் ஆண்டில் அத்தியட்சர் தானியேல் வில்சன் சாதிவேற்றுமையைச் சபையில் அறவே விடுமாறு கட்டளையிட்டார். தஞ்சாவூர், வேப்பேரி முதலிய இடங்களிற் பலர் விலகிச் சென்றனர். விலகினோர் தொகையைக் காட்டி அவர் செய்தது அவசரமென்பாரும் உண்டு. யாம் அவ்வாறு எண்ணவில்லை. பின்வரிசையில் அமர்த்தப்பட்டவர் எத்தனை தலைமுறை மனத்தளவில் விலகியிருந்தார் என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது.

ஆஸ்பரியை இகழ்வது எமது நோக்கமன்று. ஆலன் பிலதெல்பியாவில் தம் இனத்தார்க்கெனப் பெத்தேல் என்னும் ஆலயத்தை எழுப்பியபோது, 1794ஆம் ஆண்டில் அதன் பிரதிஷ்டையிற் பிரசங்கித்தவர் ஆஸ்பரியே. 1799ஆம் ஆண்டில் ஆலனுக்கு டீக்கன் பட்டமளித்தவரும் அவரே. மனம் ஒரு திசையிலும் சபையின் வசதி மற்றொரு திசையிலும் இழுக்க, இடையில் நடந்தவர் அவர்.

1816ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் ரிச்மண்டு நகரில் அவரை இருவர் தூக்கிச்சென்று மேடையில் அமர்த்தினர். அமர்ந்தவாறே கடைசிப் பிரசங்கஞ் செய்தார். பால்டிமோரில் நடைபெறவிருந்த மகாநாட்டை நோக்கி மீண்டும் புறப்பட்டு, வழியில் வர்ஜீனியாவிலுள்ள ஸ்பாட்சில்வேனியாவில் ஒரு நண்பர் வீட்டிற் படுக்கையுற்று, 31ஆம் நாள் உயிர்நீத்தார். ஆலன் சொல்லியபடியே, நோயுற்ற இடத்தில் அவரைத் தாங்குவோர் இருந்தனர். அடுத்த மாதம் 9ஆம் நாள் பிலதெல்பியாவில் கறுப்பினச் சபைகளின் பிரதிநிதிகள் ஒன்றுகூடி ஆப்பிரிக்க மெதடிஸ்து எப்பிஸ்கோப்பல் திருச்சபையை நிறுவினர். இரண்டு நாள் கழித்து ரிச்சர்டு ஆலன் அதன் முதல் அத்தியட்சராக அபிஷேகஞ் செய்யப்பட்டார்.